கணக்கும் தீர்ப்பும்

(வடக்குத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொருளியலில் எது உண்மைக் கூற்று, எது மதிப்புத் தீர்ப்பு என்று பிரித்தறிவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சென்னையில் ஒரு பல்கலைக்கழக அரங்கில் இதைப் பேசியிருந்தால் நூல்களிலிருந்து தொடங்கியிருப்பேன். வடக்குத்தில் அப்படித் தொடங்கத் தேவையில்லை. பண்ருட்டி வடலூர்ச் சாலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் நெய்வேலிச் சுரங்கத்தைப் பற்றி இரண்டு குரலும் காதில் விழும். “நெய்வேலி இல்லேன்னா நமக்கு ஏதுப்பா சோறு?” என்பார் ஒருவர். “நெய்வேலியாலதான் நம்ம சோறு போச்சு” என்பார் பக்கத்தில் இருப்பவர். பல நேரங்களில் இருவரும் ஒரு தாய் பிள்ளைகள். அண்ணன் பர்மனென்ட், தம்பி கான்ட்ராக்ட், நிலம் போனது அப்பா பெயரில். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையையும் தீர்ப்பையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அதனால் பேச்சு நகராமல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

நம் மேல்நிலைப் பள்ளிப் பாடநூல் இதற்கு நல்ல தமிழ்ச் சொற்களைத் தந்திருக்கிறது: இயல்புரை அறிவியல், நெறியுரை அறிவியல். இருப்பதை உரைப்பது இயல்புரை. இருக்க வேண்டியதை உரைப்பது நெறியுரை. தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டுப் பிள்ளைகள் மறந்துவிடும் பகுதி இது. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் நின்றவன். இந்த இரண்டு மதிப்பெண் கேள்விக்குத்தான் வாழ்க்கையில் அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை இந்த மாவட்டம் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

நூல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1739-40இல் வெளிவந்த தம் நூலில் மெய்யியலாளர் டேவிட் ஹ்யூம் ஒன்றைக் கவனித்தார். “இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே வரும் எழுத்தாளர்கள், எந்த இடத்தில் என்று தெரியாமலே “வேண்டும்” என்பதற்குத் தாவிவிடுகிறார்கள். அந்தத் தாவலுக்குக் காரணம் சொல்ல வேண்டாமா என்று கேட்டார். 1891இல் ஜான் நெவில் கெய்ன்ஸ், நாம் நன்கறிந்த மேனார்டு கெய்ன்ஸின் தந்தை, மூன்றாகப் பிரித்தார்: இருப்பதை ஆராய்வது, இருக்க வேண்டியதை ஆராய்வது, எடுத்துக்கொண்ட இலக்கை எட்டும் வழியைச் சொல்லும் கலை. 1932இல் லயனல் ராபின்ஸ் இன்னும் கண்டிப்பாகச் சொன்னார்: இலக்கு எதுவாக இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லப் பொருளியலுக்கு அதிகாரம் இல்லை. இது கல்நெஞ்சம் அன்று, அடக்கம். அறிவியல் என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு பொருளியலாளர் தம் விருப்பத்தை மக்கள் தலையில் ஏற்றிவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. அந்த அக்கறைதான் என்னை இந்தப் பொருளின் பக்கம் இழுத்தது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

2023 ஜூலை 26. மேல் வளையமாதேவி கிராமம். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்கால் வெட்டும் பணி. காவல்துறைப் பாதுகாப்போடு மண்வெட்டும் இயந்திரங்கள் நின்ற நெற்பயிருக்குள் இறங்கின. பச்சைப் பயிர் மண்ணோடு புரளும் அந்தக் காட்சியைத் தமிழ்நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. வழக்கு உயர்நீதிமன்றம் போனது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க ஆகஸ்டு தொடக்கத்தில் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்த நாட்களில் நடந்த விவாதங்களைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். ஒரு தரப்பு சொன்னது: நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே சட்டப்படி எடுக்கப்பட்டுவிட்டது, உரிமை நிறுவனத்திடம் இருக்கிறது, சுரங்கம் நகராவிட்டால் மின்நிலையத்துக்குக் கரி போகாது. இவை மூன்றும் உண்மைக் கூற்றுகள். ஆவணத்தைப் புரட்டி, சுரங்க வரைபடத்தை விரித்து, சரி தவறு பார்க்கலாம். ஆனால் இவற்றோடு சொல்லாமல் ஒட்டிக்கொண்டு வந்தது நான்காவது கூற்று: “ஆகவே அறுவடைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.” முதல் மூன்றையும் எத்தனை முறை கூட்டினாலும் நான்காவது வராது. அதற்கு நடுவில் இன்னொன்று தேவைப்படுகிறது. சில வார மின்சாரமும் ஓர் உழவர் வளர்த்த பயிரும் தராசில் ஏறினால் எது கனமானது என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டும். அது தீர்ப்பு. அதைத் தீர்ப்பு என்று சொல்லியிருந்தால் எதிர்த்தரப்பு அதற்குப் பதில் சொல்லியிருக்கும். “வேறு வழியில்லை” என்று சொன்னதும், இயற்கையின் விதியைச் சொல்வதுபோல் ஆகிவிட்டது. பெரிய அநீதிகள் பலவும் “வேறு வழியில்லை” என்ற அந்த வாக்கியத்துக்குள்தான் நுழைகின்றன. வழி இருக்கும். அதற்கு ஆகும் செலவை யார் தலையில் வைப்பது என்பதுதான் கேள்வியாக இருக்கும்.

40,000 ரூபாயையும் பாருங்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை, மூட்டை என்ன விலை, உழவுக்கும் உரத்துக்கும் ஆளுக்கும் எவ்வளவு போனது என்று கணக்குப் போட்டால் பயிர் நட்டத்துக்கு ஒரு தொகை வரும். அது உண்மைக் கணக்கு. அந்தத் தொகை “போதும்” என்பது கணக்குக்குள் இல்லை.

இந்த இடத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நிலமெடுப்பு அலுவலகம் ஒன்றின் வராந்தாவில் ஓர் அம்மாள் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். வாத்தியார் என்று தெரிந்துகொண்டு, படித்துச் சொல்லச் சொன்னார். மரங்களின் பட்டியல். முந்திரி இத்தனை, பலா ஒன்று, வேம்பு இரண்டு. எதிரே வயது, அதற்கெதிரே விலை. படித்தேன். “கூட்டல் சரியா இருக்குதா பாரு சார்” என்றார். கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தப் பலாவ என் மாமியா வெச்சதுன்னு எழுதியிருக்காங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப பாதிதான் எழுதியிருக்காங்க” என்றார்.

அந்த அம்மாள் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் ஹ்யூமும் ராபின்ஸும் சொன்னதை அவர் கலங்காமல் செய்தார். முதலில் கூட்டலைச் சரிபார்க்கச் சொன்னார். கோபத்தில் தாளைக் கிழித்தெறியவில்லை. கணக்கு தப்பு என்று வாதிடவும் இல்லை. கணக்கு சரி என்று ஏற்றுக்கொண்ட பிறகு, கணக்கில் ஏறாதது எது என்று கேட்டார். இந்த வரிசையை விடத் தெளிவான முறையை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை.

நிலத்துக்கு வருவோம். “சந்தை மதிப்பு” என்ற சொல்லைக் கேட்டால் வெயில் மழை போல வெளியே கிடக்கும் உண்மை என்று தோன்றும். விற்க விரும்புகிறவரும் வாங்க விரும்புகிறவரும் கூடிப் பேசி முடிக்கும் விலைதான் சந்தை விலை. நிலமெடுப்பில் விற்க விரும்புகிறவர் இல்லை. ஆகவே சட்டம் ஒரு விலையைக் கட்டி எழுப்புகிறது. 2013ஆம் ஆண்டு மத்திய நிலமெடுப்புச் சட்டத்தின்படி, முத்திரைத்தாள் கணக்குக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு ஒருபுறம், அக்கம்பக்கத்தில் மூன்றாண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரி இன்னொருபுறம் என்று ஒப்பிட்டு, எது கூடுதலோ அதை எடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது? முத்திரைக் கட்டணத்துக்கு அஞ்சி, கைமாறிய தொகையை விடக் குறைத்து வழிகாட்டி மதிப்பில் பதிவு செய்வது நம்மிடம் நெடுநாள் பழக்கம். அன்று மிச்சம் பிடித்த சில ஆயிரம், நிலமெடுப்பு வரும்போது பக்கத்துக் காட்டுக்காரருக்கும் சேர்த்து லட்சங்களில் குறைகிறது.

வழிகாட்டி மதிப்பாவது நிலையானதா? 2017 ஜூனில் தமிழ்நாடு முழுவதும் அதை 33 விழுக்காடு குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் பழையபடி ஏற்றினார்கள். பதிவுத்துறையின் தேவைகளை எண்ணி எடுத்த முடிவுகள் அவை. அந்த ஆறு ஆண்டுகளில் நம் செம்மண் மாறவில்லை, முந்திரி காய்ப்பது மாறவில்லை, மாறியது அரசாணை. ஓர் எண் அரசிதழில் அச்சாகியிருப்பது உண்மை. அந்த எண்தான் நிலத்தின் மதிப்பு என்பது தீர்ப்பு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் ஒரு குடும்பத்தின் அடுத்த தலைமுறை நிற்கிறது.

அதே சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. ஆறுதல் தொகை. 1894ஆம் ஆண்டின் பழைய நிலமெடுப்புச் சட்டமே இதை ஏற்றுக்கொண்டது. கட்டாயப்படுத்தி எடுப்பதால், சந்தை மதிப்புக்கு மேல் நூற்றுக்குப் பதினைந்து. 1984 திருத்தத்தில் அது முப்பது ஆனது. 2013 சட்டத்தில் நூறு. இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். 1983இல் நிலம் இழந்தவரின் மனவலியும் 2014இல் இழந்தவரின் மனவலியும் வேறா? வலியை அளந்து பார்த்து 15, 30, 100 என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் விருப்பத்தை மீறி அவர் நிலத்தை எடுத்தால் அதற்கு எவ்வளவு மரியாதை செலுத்த வேண்டும் என்று அந்தந்தக் காலத்து நாடாளுமன்றம் தீர்ப்புச் சொன்னது. இதுபோக, கிராமப்புற நிலமானால் சந்தை மதிப்பை ஒன்று முதல் இரண்டு வரை ஓர் எண்ணால் பெருக்கவும் 2013 சட்டம் இடம் தருகிறது. ஏக்கர் 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றால் பெருக்கி ஆறுதல் தொகையும் சேர்த்தால் 20 லட்சம். இரண்டால் பெருக்கினால் 40 லட்சம். மண் ஒன்று, மகசூல் ஒன்று, தொகை இரட்டிப்பு. 20 லட்சத்தைக் கையில் வாங்கியவரிடம் “கணக்குப்படிதான் கொடுத்திருக்கிறோம்” என்று சொன்னால் அது உண்மைதான். எந்தக் கணக்குப்படி, அதைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்க அவருக்கும் உரிமை உண்டு.

யாரிடம் கொடுப்பது என்பதிலும் இதே கதைதான். பழைய சட்டத்தின் கண்ணுக்குப் பட்டா உள்ளவர்தான் தெரிந்தார். அந்த வயலில் முப்பது ஆண்டு நாற்று நட்ட கூலிப் பெண் தெரியவில்லை. 2013 சட்டம், மூன்றாண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயத் தொழிலாளியையும் குத்தகைதாரரையும் வாரக்காரரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஏற்றுக்கொண்டது. “பாதிக்கப்பட்டவர்கள் இத்தனை பேர்” என்று ஓர் அறிக்கையில் வரும் எண், எண்ணத் தொடங்குவதற்கு முன்பே யாரை எண்ணுவது என்று தீர்ப்புச் சொல்லிவிட்ட எண்.

1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 2013 சட்டம் கேட்கும் சமூகத் தாக்க மதிப்பீடு, இந்தச் சட்டத்தின்கீழ் எடுக்கும் நிலத்துக்குத் தேவையில்லை என்று மாநிலம் 2014இல் திருத்தம் செய்தது. 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. மாநிலம் புதுச் சட்டம் இயற்றி உயிர்கொடுத்தது. 2021இல் உச்சநீதிமன்றம் அது செல்லும் என்றது. செல்லுமா என்பது சட்டக் கேள்வி; அதற்கு விடை வந்துவிட்டது. ஊரைக் கேட்காமல் ஊரை எடுக்கலாமா என்பது வேறு கேள்வி. அது இன்னும் திறந்தே கிடக்கிறது. என் தீர்ப்பு, கேட்க வேண்டும் என்பது. இதை என் தீர்ப்பு என்றே சொல்கிறேன்.

பொருளியல் நூல்கள் “மொத்த ஆதாயம்” என்று பேசும் இடத்துக்கு வருகிறேன். 1939இல் கால்டோர், ஹிக்ஸ் என்ற பொருளியலாளர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். ஒரு திட்டத்தால் சிலர் பெறுகிறார்கள், சிலர் இழக்கிறார்கள். பெறுகிறவர்கள், இழந்தவர்களுக்கு முழுக்க ஈடு கட்டிய பிறகும் கையில் மிச்சம் இருக்குமானால் அந்தத் திட்டம் நாட்டுக்கு ஆதாயம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அதில் ஈடு கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்ட முடிந்தால் போதும். நம் வீட்டுப் பேச்சில் சொன்னால், கடனைத் திருப்பித் தரும் அளவுக்கு என்னிடம் பணம் இருக்கிறது, ஆகவே கடன் தீர்ந்துவிட்டது என்று ஒருவர் சொல்வது போன்றது. இன்னொன்றும் அதில் மறைந்திருக்கிறது. யார் கையில் இருந்தாலும் ரூபாய் ரூபாய்தான் என்று அந்தக் கூட்டல் எடுத்துக்கொள்கிறது. மாதச் சம்பளக்காரரின் பத்தாயிரமும் நாற்று நடுகிறவரின் பத்தாயிரமும் அந்தப் பேரேட்டில் ஒன்று. இதைவிடப் பெரிய மதிப்புத் தீர்ப்பு பொருளியலில் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் வெறும் கூட்டல் குறியாக அச்சாகியிருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

தண்ணீருக்கு வருவோம். இந்த ஊரில் எந்தப் பேச்சும் தண்ணீரைத் தொடாமல் முடியாது. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் நெய்வேலியில் தம் நிலத்தில் துளை போட்டது தண்ணீருக்காகத்தான். தண்ணீரோடு கரும்பொருளும் வந்தது. 1956இல் நிறுவனம் பிறந்தது. 1957 மே 20இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரி முகம் காட்டியது. அடுத்த ஆண்டே மின்சாரம். கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீர்தான் இந்தச் சுரங்கத்தின் முதல் சிக்கல். மேல்மண்ணை அகற்றினால் அந்த நீர் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். அதனால் சுற்றிலும் துளையிட்டு இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரி வெட்ட முடியும். இறைக்கும் நீரில் ஒரு பகுதி மின்நிலையத்துக்கும் நகரியத்துக்கும் பாசனத்துக்கும் போகிறது. சென்னையின் தாகத்துக்கும் போயிருக்கிறது. இவையெல்லாம் உண்மைகள், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளக் கூடியவை.

ஐம்பது ஆண்டு கழித்து ஒரு கோடி ரூபாய் அளவுக்கு நிலத்தடி நீருக்குச் சேதம் வரும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இன்று திட்டக் கணக்கில் அதை எவ்வளவாக எழுதுவது? எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்பாக மாற்றப் பொருளியலாளர் ஒரு தள்ளுபடி விகிதத்தைக் கேட்பார். ஆண்டுக்கு 1.4 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 50 லட்சம். 5 விழுக்காடு என்றால் 9 லட்சத்துக்கும் கீழே. 10 விழுக்காடு என்றால் வெறும் 85,000 ரூபாய். கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள், கணக்கு சரியாக இருக்கும். ஆனால் பேரப்பிள்ளையின் ஒரு கோடி ரூபாய் நட்டம் தாத்தாவின் பேரேட்டில் 85,000 ஆகச் சுருங்கியது கணக்கால் அன்று, விகிதத்தைத் தேர்ந்த கையால். பருவநிலை மாற்றம் பற்றிய 2006ஆம் ஆண்டு அறிக்கையில் நிக்கோலஸ் ஸ்டெர்ன் எடுத்துக்கொண்டது ஏறத்தாழ 1.4 விழுக்காடு. வில்லியம் நார்ட்ஹவுஸ் அதைவிட மிகக் கூடிய விகிதத்தை எடுத்தார். ஒருவர் உடனே பெரும் செலவு செய் என்றார், மற்றவர் மெல்லப் போ என்றார். இருவரும் படித்த பருவநிலை அறிவியல் ஒன்றுதான். பிறக்கப்போகிறவர் நமக்கு எவ்வளவு வேண்டியவர் என்பதில்தான் பெரும்பகுதி வேறுபாடு. சந்தையில் நிலவும் வட்டியைக் காட்டி நார்ட்ஹவுஸ் தம் எண்ணுக்கு நியாயம் சொன்னார். அந்த வாதத்திலும் வலு உண்டு. ஆனால் 1928இலேயே பிராங்க் ராம்சே, பின்னால் வருகிறவர் என்பதற்காகவே ஒருவரின் நலனைக் குறைத்து எண்ணுவதை அறத்துக்கு ஒவ்வாதது என்று எழுதிவிட்டார். நான் ராம்சே பக்கம்.

ஆகவே, ஒரு திட்ட அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் முதல் பக்கத்துத் தொகையைப் பார்க்காதீர்கள். தள்ளுபடி விகிதம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்கள்.

இதுவரை நிறுவனத்தின் பக்கமும் அரசின் பக்கமும் நின்று பேசுகிறவர்களின் கூற்றுகளைத்தான் அதிகம் பிரித்துப் பார்த்தேன். நம் பக்கத்துக்கும் இதே அளவுகோல் வேண்டும். உழவர் பக்கம் நிற்கிறவன் என்பதால் இதைச் சொல்லும் கடமை எனக்குக் கூடுதலாக இருக்கிறது. நீர்மட்டம் இறங்கியது என்று மேடையில் சொன்னால், எந்த ஊரில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுக்கு, எத்தனை அடி என்ற கேள்வி வரும். அதற்கு உணர்ச்சி விடையாகாது. அளந்த குறிப்பு வேண்டும். நம் போர்வெல்லுக்கு எத்தனை பைப் இறக்கினோம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அதை ஒரு நோட்டில் எழுதி வைத்த ஊர்கள் எத்தனை? சுரங்கத்தால் ஒரு பயனும் இல்லை என்று சொல்வதும் உண்மைக்கு மாறான கூற்று. இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பாதிப்பேரின் படிப்பே அதற்குச் சாட்சி. நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்பதற்காக உண்மையும் தானாக நம் பக்கம் வந்துவிடாது. தவறான ஓர் எண்ணை நாம் சொல்லிவிட்டால், எதிர்த்தரப்பு அந்த எண்ணை உடைத்துவிட்டு நம் நியாயத்தையும் உடைத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும்.

1953இல் மில்டன் ஃப்ரீட்மன் ஒரு நம்பிக்கை சொன்னார். பொருளாதாரக் கொள்கைகளில் நல்லெண்ணம் கொண்டோர் முரண்படுவது பெரும்பாலும் விளைவு என்ன ஆகும் என்ற கணிப்பில்தான், அடிப்படை மதிப்புகளில் அல்ல. உண்மைகள் தெளிந்தால் சண்டை குறையும் என்றார். குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னார். நெய்வேலியைப் பார்த்தவன் என்ற முறையில் பாதி ஒப்புக்கொள்கிறேன். நீர்மட்டச் சண்டை அப்படிப்பட்டதுதான், அளந்தால் குறையும். ஆனால் கான்ட்ராக்ட் தொழிலாளியும் நிரந்தரத் தொழிலாளியும் ஒரே சுரங்கத்தில் இறங்கி வேறுவேறு சம்பளத்தோடு மேலே வருவதைப் பற்றிய சண்டையில் உண்மை எதுவும் மறைந்திருக்கவில்லை. இரண்டு சம்பளச் சீட்டும் எல்லாருக்கும் தெரியும். அங்கே மோதுவது மதிப்புகள்தான்.

அப்படியானால் மதிப்புகளைப் பற்றிப் பேசவே முடியாதா? அவரவர் ருசி என்று விட்டுவிட வேண்டியதுதானா? ராபின்ஸைப் படித்த பலர் அங்கேதான் போய் நின்றார்கள். அமர்த்தியா சென் அங்கிருந்து நம்மை மீட்டார். 1970இல் வந்த தம் நூலில் அவர் தந்த ஒரு சோதனை மிகவும் பயனுள்ளது. ஒருவர் ஒரு தீர்ப்பைச் சொன்னால், “உண்மைகள் வேறாக இருந்தாலும் இதையே சொல்வீர்களா?” என்று கேளுங்கள். மாட்டேன் என்றால், அந்தத் தீர்ப்புக்கு அடியில் ஓர் உண்மைக் கூற்று இருக்கிறது, அதை ஆராயலாம். எப்போதும் சொல்வேன் என்றால்தான் அது அடிப்படைத் தீர்ப்பு.

இங்கே செய்து பார்ப்போம். “பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை உடனே மூட வேண்டும்.” ஏன்? ஈரம் ஏறக்குறைய பாதி உள்ள கரி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதிகக் கரியமில வாயு. சரி, இது உண்மை. வேறு நிலையான மின்சாரம் போதுமான அளவு வராவிட்டாலும் உடனே மூடச் சொல்வீர்களா? வேலை இழக்கிறவர்களுக்கு மாற்று இல்லாவிட்டாலும்? பெரும்பாலோர் யோசிக்கத் தொடங்குவார்கள். நெய்வேலியின் முதலாம் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பர் கடைசியில் மூடப்பட்டபோது இந்த ஊர் அந்த யோசனையைக் கண்ணால் பார்த்தது. இன்னொன்று: “நாட்டு வளர்ச்சிக்காக நிலத்தைக் கொடுக்கத்தான் வேண்டும்.” உங்கள் நிலமாக இருந்தாலும் இதே தொகைக்குத் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

சென்னுக்கு முன்பே, ஆசிய நாடுகளின் வறுமையைப் பற்றி 1968இல் மாபெரும் நூல் எழுதிய குன்னர் மிர்தால், மதிப்புகளை ஒளிக்காமல் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள் என்று வலியுறுத்திவந்தார். மதிப்புத் தீர்ப்பு கலவாத பொருளியல் இல்லை. மதிப்பை மறைத்த பொருளியல்தான் உண்டு என்பது அவரிடமிருந்து நான் கற்றது. தேசிய வருமானக் கணக்கை முறைப்படுத்திய சைமன் குஸ்நெட்ஸ், 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையிலேயே, இந்த எண்ணை வைத்து மக்கள் நலத்தை அளந்துவிட முடியாது என்று எச்சரித்தார். வெட்டிய கரி நம் உள்நாட்டு உற்பத்தியில் ஏறுகிறது. வற்றிய ஊற்று இறங்குவதில்லை. எண் பொய் சொல்லவில்லை. தான் சொல்லாததையும் சொன்னதாக நாம்தான் எடுத்துக்கொள்கிறோம்.

மதிப்பை வெளிப்படையாகச் சொன்னதற்கு நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2020இல் தமிழ்நாடு சட்டமன்றம் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கியது; நம் கடலூர் மாவட்டத்தின் சில வட்டாரங்களும் அதில் உண்டு. நெல்லை விட எரிபொருள் லாபம் தருமா தராதா என்ற கணக்கை அந்தச் சட்டம் போடவில்லை. இந்த மண் சோற்றுக்கு என்று தீர்ப்பைத் தீர்ப்பாகவே சொன்னது. 2023 ஏப்ரலில் மைக்கேல்பட்டி, வடசேரி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய மூன்று நிலக்கரிப் பகுதிகளை மத்திய அரசு ஏலத்திலிருந்து விலக்கியபோது அதற்குப் பின்னால் நின்றது அந்தத் தீர்ப்புதான்.

இன்னும் கிட்டே வாருங்கள். வடலூர் இங்கிருந்து கூப்பிடு தூரம். 1867இல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்தவருக்குச் சோறு போட வேண்டும் என்பதற்கு வள்ளலார் லாப நட்டக் கணக்குக் காட்டவில்லை. ஆனால் இன்று எத்தனை பேர் வருவார்கள், எத்தனை படி அரிசி போட வேண்டும் என்று அந்த அடுப்படியில் ஒருவர் ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்க்கிறார். அந்தக் கணக்கு தவறினால் யாரோ பசியோடு திரும்ப நேரும். எதற்காக என்பதும் எவ்வளவு என்பதும் அங்கே தெளிவாகத் தனித்தனியாக நிற்கின்றன. ஒரே அடுப்பில் வேகின்றன.

கடைசியாக என் வகுப்பறையிலிருந்து ஒன்று. ஓய்வுபெறும் ஆண்டில், நிலமெடுப்பு அறிவிக்கை ஒன்றின் நகலை மாணவர்களுக்குக் கொடுத்து, சரிபார்க்கக்கூடிய சொற்களை நீலத்திலும் தீர்ப்பைச் சுமக்கும் சொற்களைச் சிவப்பிலும் அடிக்கோடிடச் சொன்னேன். புல எண், பரப்பளவு, தேதி எல்லாம் நீலம். “பொது நோக்கம்” சிவப்பு. ஏறக்குறைய எல்லாரும் சரியாகச் செய்திருந்தார்கள். இந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மாணவி மட்டும் தாளைக் கொடுக்காமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். அறிவிக்கையில் ஒரு புல எண்ணுக்கு எதிரே “தரிசு” என்று இருந்தது. “சார், அடங்கல்ல அப்படித்தான் எழுதியிருக்கும், அது உண்மை. அந்த வருஷம் எங்க தாத்தாவுக்கு உடம்பு முடியல, உழல. ஆனா எங்க ஆடு பதினெட்டும் அங்கதான் மேஞ்சுது. இதுக்கு எந்தக் கலர் போடறது?” என்று கேட்டாள்.

உனக்குச் சரி என்று பட்டதைப் போடு என்றேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மற்ற சொற்களுக்கெல்லாம் ஒற்றைக் கோடு. “தரிசு” என்பதற்கு அடியில் மட்டும் முதலில் ஒரு நீலக் கோடு, அதை ஒட்டிக் கொஞ்சம் அழுத்தமாக ஒரு சிவப்புக் கோடு, ஓரத்தில் பென்சிலால் சின்னதாக “ஆடு 18” என்று எழுதியிருக்கிறாள்.